பேரைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள்! பழைய சவரத் தீட்டுக்கல்லைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டிலும் வேலையிலும் கைக்கு உதவும் கருவிகளைப் பற்றிப் பேசும் இந்தப் பகுதிக்கு இம்முறை வந்திருப்பது ஒரு தாயாரின் கேள்வி. கேள்வி சின்னதுதான். ஆனால் அதற்குள் ஒரு குடும்பத்தின் தொழிலும் ஒரு பிள்ளையின் எதிர்காலமும் கொஞ்சம் பணமும் கலந்திருக்கின்றன. ஆகவே விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது டவுனில் அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர் இந்தச் சகோதரி. அவருடைய மாமனார் தோட்டத்தில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, பெரியவருக்கும் சிறியவருக்கும் முடிவெட்டிச் சவரம் செய்வாராம். அவர் காலமானபின் அவருடைய தகரப் பெட்டி பத்திரமாக இருந்திருக்கிறது. அதில் மடக்குச் சவரக்கத்தி ஒன்று, தோல்வார் ஒன்று, தீட்டுக்கற்கள் மூன்று. சகோதரியின் மகன் இப்போது டவுனில் ஒரு முடிதிருத்தும் கடையில் தொழில் பழகுகிறான். தாத்தாவின் கத்தியைக் கையாளப் பழக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. இதற்கிடையில் பழைய சாமான் வாங்கும் ஒருவர் வந்து, "மூன்று கல்லையும் சேர்த்து ஒரே விலைக்குக் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

"எந்தக் கல்லை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது? பேர் போட்ட கல்தான் நல்ல கல்லா?" என்பதே சகோதரியின் கேள்வி. கற்களைப் பற்றி அவர் நன்றாகவே விவரித்திருக்கிறார்.

முதல் கல் கைக்கு அடக்கமானது. 'சுவாட்டி' என்ற பெயர் பதிந்திருக்கிறது. ஒரு மூலை உடைந்திருக்கிறது. இரண்டாவது கல்லின் இரு பக்கமும் இரு நிறம். 'கார்போரண்டம்' என்று எழுதியிருக்கிறது. வீட்டுக் கத்திகளையெல்லாம் அதில்தான் தீட்டினார்களாம், நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. மூன்றாவது கல்லில் எழுத்தே இல்லை. மேலே வெளிர் மஞ்சள், கீழே கருங்கல் பலகை ஒட்டியதுபோல் இருக்கிறது.

தீட்டுக்கல்லின் வேலை எது?

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவர், பால் வெட்டும் கத்தியைக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துக்கொண்டுதான் கிளம்புவார். கத்தி மழுங்கிப் பட்டை பிய்ந்து மரம் காயப்பட்டபின் தீட்டுவது அவர் வழக்கமல்ல. கூர் குறையத் தொடங்கும்போதே கொஞ்சமாகத் தீட்டிக்கொள்வார்.

முடிதிருத்துநரின் சிறிய தீட்டுக்கல்லுக்கும் இதே வேலைதான். பெரும்பாலும் 5 அங்குல நீளம், 2 அங்குல அகலம் இருக்கும். உள்ளங்கையில் வைத்தே தீட்டலாம். அடுத்த ஆள் நாற்காலியில் உட்காருவதற்குள் கத்திக்கு நாலைந்து இழுப்பு கொடுத்து, தோல்வாரில் தேய்த்துச் சவரத்தைத் தொடங்கலாம். அதற்காகவே செய்த கல் அது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். தோல்வார் கூர் உண்டாக்குவதில்லை. இருக்கும் கூரை நேராக்கி மெருகிடுகிறது. சிறிய தீட்டுக்கல், குறைந்துபோன கூரை மீட்கிறது. ஆனால் முழுக்க மழுங்கிய கத்திக்கும் ஓரம் பிசிறிப்போன கத்திக்கும் புதிதாக வாய் கட்ட வேண்டுமானால் அது வேறு வேலை. அதற்கு அகலமான, சொரசொரப்பு கூடிய கல் வேண்டும். இன்று கடைகளில் எண் போட்டு விற்கும் நீர்க்கற்களில் 1000 எண் கல்லில் வாய் கட்டி, 4000, 8000 என்று படிப்படியாக நயமான கல்லுக்குப் போவார்கள்.

இதை அறியாதவர்கள் சிறு கல்லை வாங்கி, துருப்பிடித்த கத்தியை ஒரு மணி நேரம் தேய்த்துவிட்டு, "கல் சரியில்லை" என்பார்கள். கல் என்ன செய்யும்? கேட்கக்கூடாத வேலையை அதனிடம் கேட்டுவிட்டார்கள்!

எங்கிருந்து வந்த கற்கள் இவை?

சுவாட்டி கல் ஐரோப்பாவில் பிறந்தது. பழைய ஆஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசில் மார்பூர்க் என்று ஒரு நகரம். இன்று ஸ்லோவேனியா நாட்டில் மாரிபோர் என்று பெயர். அங்கே ஃபிரான்ஸ் சுவாட்டி என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் தீட்டுக்கல் செய்யும் தொழிலை நடத்தினார். அவருடைய சவரக்கல் பல நாட்டு முடிதிருத்தும் கடைகளுக்குப் போயிற்று. இன்று பழைய பொருள் சேகரிப்பவர்கள், கல்லில் எழுத்து இரண்டு வரியா மூன்று வரியா என்று எண்ணிப் பார்த்து, மூன்று வரிக் கல்லுக்குக் கூடுதல் விலை சொல்வதுண்டு.

கார்போரண்டம் அமெரிக்காவில் பிறந்தது. 1891-இல் எட்வர்ட் அச்செசன் என்பவர் செயற்கை வைரம் செய்யும் முயற்சியில், களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து மின்சாரத்தால் கடுமையாகச் சூடாக்கினார். வைரம் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக, வைரத்துக்கு அடுத்தபடி என்று சொல்லத்தக்க கடினமுள்ள பளபளக்கும் சிறு படிகங்கள் கிடைத்தன. அதுதான் சிலிக்கன் கார்பைடு. அவர் வைத்த பெயர் கார்போரண்டம். அதைச் செய்ய ஏராளமான மின்சாரம் வேண்டுமென்பதால், 1895-இல் நயாகரா நீர்வீழ்ச்சியின் அருகே தொழிற்சாலையைக் கொண்டுபோனார்கள். சாணைச் சக்கரம் முதல் சவரக்கல் வரை அங்கே செய்தார்கள். இரு நிறக் கல்லில் ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நயம். முதலில் சொரசொரப்புப் பக்கத்தில் தீட்டி, பிறகு நயமான பக்கத்தில் முடிக்க வேண்டும்.

மூன்றாவது கல், சகோதரி விவரித்தபடியே இருந்தால், பெல்ஜியம் நாட்டு மஞ்சள் கல்லாக இருக்கலாம். 'கோட்டிக்யூல்' என்பார்கள். இது மனிதர் செய்த கல் அல்ல, மலையிலிருந்து வெட்டி எடுத்தது. ஆர்டென் மலைப்பகுதியில் வீல்சாம் என்ற ஊரைச் சுற்றிக் கிடைப்பது. இதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கார்னெட் படிகங்கள் நிறைந்திருக்கின்றன. நம்முடைய நவரத்தினக் கோமேதகமும் கார்னெட் வகையைச் சேர்ந்த மணிதான். அந்தப் படிகங்களே எஃகைத் தேய்க்கின்றன. மஞ்சள் அடுக்கு மெல்லியது, எளிதில் உடையக்கூடியது என்பதால் அடியில் கருங்கல் பலகை சேர்ந்திருக்கும். பெயரைக் காகிதச் சீட்டில்தான் ஒட்டியிருப்பார்கள். நாளாவட்டத்தில் சீட்டு உரிந்துபோய்க் கல் பெயரில்லாமல் நிற்கும்.

இத்தனை நல்ல கற்கள் ஏன் பெட்டிக்குள் போயின? காரணம் இன்னொரு அமெரிக்கர். கிங் ஜில்லெட் என்பவர் மாற்றிப்போடும் பிளேடு கொண்ட ரேசரை 1903-இல் விற்கத் தொடங்கினார். முதல் ஆண்டு விற்றது 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான். ஆனால் சில ஆண்டுகளில் அது உலகெங்கும் பரவியது. வீட்டில் சவரம் செய்துகொள்பவர் தீட்டத் தேவையில்லை என்றாயிற்று. பிறகு 1980-களில் எய்ட்ஸ் நோயைப் பற்றிய அச்சம் பரவியபோது, கடைகளிலும் ஆளுக்கொரு புதுப் பிளேடு என்ற வழக்கம் வலுப்பட்டது. தீட்டுக்கல்லும் பழைய பொருளாயிற்று.

கல்லின் முகம் பார்ப்பது எப்படி?

பெண் பார்க்கப் போகிறவர்கள் குலம் கோத்திரம் விசாரித்துவிட்டுப் பெண்ணைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கல்லையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். எந்த நாட்டுக் கல்லானாலும், கத்தி தொடுவது அதன் முகத்தை மட்டுமே. பழைய கல்லை வாங்குமுன், அல்லது விற்குமுன், இந்த ஐந்தையும் பாருங்கள்.

1. விரிசல்: கல்லை விரல் நுனியில் தூக்கி, மற்றொரு விரலால் மெல்லத் தட்டுங்கள். ஒலி தெளிவாக வந்தால் நல்லது. சத்தம் மொத்தையாக இருந்தால் உள்ளே விரிசல் இருக்கக்கூடும். இரண்டு அடுக்கு ஒட்டிய கல்லுக்கு இந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம், கண்ணாலும் பாருங்கள்.

2. உடைப்பு: ஓரத்திலும் மூலையிலும் சிறு உடைப்பு இருந்தால் குற்றமில்லை. கூர்மையான முனையைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டால் கத்தியைக் கெடுக்காது. ஆனால் கத்தி ஓடும் நடுமுகத்தில் குழியோ பொத்தலோ இருக்கக்கூடாது. நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் இடறுகிற இடத்தில் கத்தியின் வாயும் இடறும்.

3. சமதளம்: நேரான இரும்பு அளவுகோலின் ஓரத்தைக் கல்லின்மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் பள்ளம். சவரக்கத்தியின் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படிந்து ஓட வேண்டும். பள்ளமான கல்லில் அது நடக்காது.

4. அழுக்கு: பழைய சோப்பு நுரையும் இரும்புத் தூளும் காய்ந்து, கல்லின்மேல் கண்ணாடிபோல் படிந்திருக்கும். அப்படிப்பட்ட கல்லைச் செத்த கல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்தபின் பாருங்கள்.

5. எண்ணெய்: முன்பு எண்ணெய் ஊற்றித் தீட்டிய கல் தண்ணீரை ஏற்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்துப்போல் உருண்டு நிற்கும். நன்றாகச் சுத்தம் செய்யாமல் அதைத் தண்ணீருக்குப் பயன்படுத்த முடியாது.

பள்ளத்தைச் சமமாக்கலாமா?

சிறு பள்ளமானால் வீட்டிலேயே சரிசெய்யலாம். தடிமனான கண்ணாடித் துண்டின்மேல், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் மணல்தாளை விரியுங்கள். 400 எண் தாளில் தொடங்கி 1000 எண் தாளில் முடிப்பது நல்லது. கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டு, தண்ணீர் விட்டுச் சீராகத் தேயுங்கள். கோடு அழியாத இடம்தான் பள்ளம். எல்லாக் கோடும் ஒன்றுபோல் அழிந்தால் முகம் சமமாகிவிட்டது. பிறகு நான்கு ஓரத்தையும் லேசாக மழுக்கிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. காய்ந்த கல்லை உலர்ந்த தாளில் தேய்க்காதீர்கள். தூள் மூச்சில் ஏறும். மஞ்சள் கல்லைத் தண்ணீரில் ஊறவைக்கவும் வேண்டாம், வெந்நீர் விடவும் வேண்டாம், ஒட்டு விட்டுப்போகலாம்.

பால் வெட்டும் கத்தி தீட்டி ஆழமாகக் குழி விழுந்த கல்லானால், இத்தனை உழைப்பும் பெரும்பாலும் வீண். சவரக்கத்திக்குரிய கல்லில் வேறு எந்தக் கத்தியையும் வைக்கக்கூடாது என்பது இதனால்தான். வளைந்த வாயுள்ள ஜெபோங் கத்தியை இரண்டு முறை இழுத்தாலே கல்லில் தடம் விழுந்துவிடும். வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்: சமையல் கத்திக்கு ஒரு கல், சவரக்கத்திக்கு ஒரு கல்.

தீட்டும் முறை

முதலில் கத்தியைப் பாருங்கள். வாயை மேலே நிறுத்தி விளக்கடியில் பிடியுங்கள். கூரான வாயில் வெளிச்சம் தங்காது. வெள்ளிக் கம்பிபோல் ஒரு கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது. இடையிடையே நட்சத்திரம்போல் மின்னினால் அங்கே பிசிறு விழுந்திருக்கிறது. கோடு முழுதும் மின்னினாலும் பிசிறு இருந்தாலும் சிறிய கல்லிடம் போகாதீர்கள். முன்பு சொன்னபடி வாய் கட்டும் வேலை முதலில் நடக்க வேண்டும்.

சவரத்தில் கத்தி கொஞ்சம் இழுக்கிறது, தோல்வாரில் தேய்த்தும் சரியாகவில்லை என்ற நிலையில்தான் சிறிய தீட்டுக்கல்லை எடுக்க வேண்டும். கல்லில் தண்ணீரோ சவர நுரையோ தடவுங்கள். கத்தியின் முதுகும் வாயும் இரண்டுமே கல்லில் படியும்படி படுக்கவையுங்கள். முதுகைத் தூக்கவே கூடாது. எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதைக் கத்தியின் முதுகே முடிவு செய்துவிடும். அதுதான் மடக்குக் கத்தியின் சூட்சுமம்.

கல்லில் வாய் முன்னே போக வேண்டும். கல்லிலிருந்து மெல்லிய தோலைச் சீவுவதுபோல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கத்தி கல்லின் அகலத்தைவிட நீளமானது. ஆகவே அடியில் தொடங்கி, குறுக்குச் சாய்வாக இழுத்து, நுனியில் முடியுங்கள். முடிந்ததும் கத்தியை முதுகின்மேல் புரட்டித் திருப்புங்கள். கத்தியின் சொந்தக் கனமே போதும், அழுத்த வேண்டாம்.

பக்கத்துக்கு மூன்று முதல் ஐந்து இழுப்பு. அதற்குமேல் இழுக்கும் ஆசையை அடக்குங்கள். அதிகமாகத் தீட்டினால் வாயின் ஓரத்தில் மெல்லிய இரும்புச் சுருள் எழும். தொட்டால் பயங்கரக் கூர்போல் தெரியும். முகத்தில் வைத்தால் தோலைக் கீறும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று பெரியவர்கள் சொன்னது தீட்டுக்கல்லுக்கும் பொருந்தும்.

அதன்பின் தோல்வார். அங்கே எல்லாம் தலைகீழ்: முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே வர வேண்டும். மறந்து வாயை முன்னே தள்ளினால் தோல்வார் அறுந்துபோகும். வாரை இழுத்துப் பிடித்து, பக்கத்துக்கு முப்பது நாற்பது முறை நிதானமாகத் தேயுங்கள்.

சகோதரிக்கு என் பதில்

முதல் கல்லான சுவாட்டியை மகனுக்கு வைத்துவிடுங்கள். மூலை உடைந்ததைப் பெரிதாக எண்ண வேண்டாம். எழுத்தில்லாத பக்கம் சமமாக இருந்தால், அந்தப் பக்கத்திலேயே தீட்டலாம். தொழில் பழகும் பையனுக்குக் கூரைக் காப்பாற்றும் கல் இதுதான்.

இரண்டாவது கல்லுக்குப் பெரிய பேர் இருக்கிறது. ஆனால் முகம் போய்விட்டது. சவரக்கத்தியை அதன் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். ஏற்கெனவே செய்கிற வேலையைச் செய்யட்டும். சமையலறைக் கத்திக்கு அது போதும். விற்றாலும் நஷ்டமில்லை.

மூன்றாவது, பேரில்லாத மஞ்சள் கல். இதை அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அதே மஞ்சள் கல்லின் சிறு துண்டு பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள். தண்ணீர் விட்டு அந்தத் துண்டால் கல்லின்மேல் தேய்த்தால் பால்போல் குழம்பு எழும். குழம்பு கெட்டியாக இருந்தால் கல் வேகமாகத் தேய்க்கும். தண்ணீர் சேர்த்துச் சேர்த்து நீர்க்கச் செய்தால் மெல்ல மெல்ல நயமாகும். வெறும் தண்ணீரில் மெருகு ஏறும். ஆகவே, ரொம்பக் கெட்டுப்போகாத கத்திக்கு வாய் கட்டுவது முதல் முடிப்பது வரை, பொறுமையுள்ளவர் இந்த ஒரே கல்லில் செய்துவிடலாம். மற்ற இரண்டு கல்லாலும் ஆகாத காரியம் இது. உங்கள் மாமனார் எழுத்தில்லாத கல்லைப் பெட்டியில் சும்மா வைத்திருக்கமாட்டார்.

மூன்றையும் சேர்த்து ஒரே விலை என்று கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அப்படிக் கேட்பவர் பெரும்பாலும் ஒரு கல்லுக்காகத்தான் கேட்பார். மற்றவை துணைக்குப் போகும். ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியே விலை சொல்லச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு பேரிடமாவது காட்டி விசாரியுங்கள். அதன்பின் கொடுப்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். குடும்பத்தில் பணமுடை வரும்போது ஒரு பொருளை விற்பதில் வெட்கமில்லை. அதன் மதிப்புத் தெரியாமல் விற்பதுதான் வருத்தம்.

மகனுக்கு ஒரு வார்த்தை

தம்பி, தாத்தாவின் கத்தியை நீ பழகுவது நல்ல காரியம். ஆனால் அதைக் கடையில் வாடிக்கையாளர் முகத்தில் வைக்காதே. ஒருவர் முகத்தில் பட்ட கத்தி இன்னொருவர் முகத்தில் படும்போது, கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளி வழியாகக் கல்லீரல் அழற்சி பி, சி, எச்.ஐ.வி. போன்ற கிருமிகள் தொற்றலாம். சுடுதண்ணீரில் முக்கி எடுத்தால் போதும் என்பது சரியல்ல. கடையில் ஆளுக்கொரு புதுப் பிளேடு, அதில் விட்டுக்கொடுக்காதே. தாத்தாவின் கத்தி உன் ஒருவன் முகத்துக்கு மட்டும். முதலில் கன்னத்தில் பழகு. மோவாயும் தொண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் கத்தியை நன்றாகத் துடைத்து உலர்த்தி, துளி எண்ணெய் தடவி வை. நம் ஊர் ஈரக்காற்றில் ஒரே இரவில் துரு புள்ளி வைத்துவிடும்.

கடையில் கல் தேவைப்படாவிட்டாலும், கல்லில் பழகிய கைக்கு ஒரு பயன் உண்டு. அழுத்தாமல் வெட்ட அது கற்றுக்கொள்கிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அதற்குத் தெரிந்துவிடுகிறது. புதுப் பிளேடு பிடிக்கும்போதும் அந்த அடக்கம் கையில் இருக்கும். அப்படிப்பட்ட கையைத் தேடித்தான் வாடிக்கையாளர் மறுபடி வருவார்.

அடுத்த இதழில் கத்தரிக்கோல்: எதனால் மழுங்குகிறது, யாரிடம் கொடுத்துச் சாணை பிடிப்பது என்று பார்ப்போம். கேள்விகளை வழக்கம்போல் எழுதி அனுப்புங்கள்.